குப்பை சேகரிக்கும் நிறுவனத்தில் கொத்தடிமைத்தனம் நுழையாமல் தடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நகராட்சியில் குப்பை அள்ளும் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்திடம் "உங்களிடம் கொத்தடிமைகள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும். பெரும்பாலும் அது பொய்யும் அல்ல. மேலாளருக்குத் தெரிந்தது சம்பளப் பட்டியலில் உள்ள பெயர்கள் மட்டுமே. அந்தப் பெயருக்கு உரியவர் யாரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார், அவருடைய ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது, அவர் வராத நாளில் அந்தத் தெருவை யார் கூட்டுகிறார் என்பதெல்லாம் பட்டியலில் இருக்காது. இந்தத் தொழிலில் அடிமைத்தனம் புகுவது அந்த வழியாகத்தான்.

தமிழ்நாட்டில் திடக்கழிவு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகள், தள மேலாளர்கள், ஒப்பந்தத்தை மேற்பார்வையிடும் உள்ளாட்சி அலுவலர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் சட்டம்

சங்கிலி போட்டுக் கட்டி வைத்தால்தான் கொத்தடிமை என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடனுக்காகவோ முன்பணத்துக்காகவோ பரம்பரை வழக்கத்தின் பேரிலோ ஒருவர் வேலை செய்கிறார். அதனால் உரிய கூலி கிடைப்பதில்லை, அல்லது வேறு வேலைக்குப் போக முடிவதில்லை, அல்லது விரும்பிய ஊருக்குப் போக முடிவதில்லை என்றால் அது கொத்தடிமை முறைதான். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். வாங்கியது கடன்தான், கொத்தடிமை முறை அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு.

1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய உழைப்பு என்றது. வறுமையால் ஒருவர் தானாகவே ஒத்துக்கொண்டாலும் அது கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். "அவங்களேதானே சம்மதிச்சு வந்தாங்க" என்று சொல்லும் ஒப்பந்ததாரர்களிடம் இதைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், அதிலும் அருந்ததியர் அதிகம். ஆகவே பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் அவர்களிடம் கட்டாய உழைப்பு வாங்கினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து பாயும். பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றிணைத்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குள் கரையவில்லை, தனியாகவே நிற்கிறது.

படி 1: யாருக்குக் கீழே யார்?

ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழே எழுதுங்கள். நகராட்சி, உங்கள் நிறுவனம், ஆள் சப்ளை செய்பவர், சூப்பர்வைசர், மேஸ்திரி, பணியாளர். வண்டிகளுக்குத் தனிச் சங்கிலி: குப்பையை அமுக்கி ஏற்றும் காம்பாக்டர் லாரியை வாடகைக்கு விட்டவர், அவருடைய டிரைவர், டிரைவர் கூட்டிவரும் கிளீனர். குப்பையைத் தரம் பிரிக்கும் ஷெட், மக்கும் குப்பையை உரமாக்கும் நுண்ணுர மையம், குப்பைக் கிடங்கைத் தோண்டிச் சலிக்கும் இடம், இரவுக் காவல் என்று எதையும் விடாதீர்கள். அந்த கிளீனர் பையனைத்தான் பொதுவாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பணியாளர் கூட்டத்துக்கும் நான்கு கேள்வி: வேலைக்குச் சேர்த்தது யார்? கையில் சம்பளம் கொடுப்பது யார்? தங்க இடம் கொடுத்தது யார்? நாளைக்கு வராதே என்று சொல்லக்கூடியவர் யார்? நான்குக்கும் ஒரே ஆளின் பெயர் வந்தால், சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அதே ஆள் கடனும் கொடுத்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள்.

உங்களுக்கும் பணியாளருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்ததாரருக்கு மேல் இருக்கக் கூடாது. துணை ஒப்பந்தம், அதற்கொரு துணை ஒப்பந்தம் என்று போனால், ஒவ்வொரு கையும் கமிஷன் எடுத்துக்கொண்டுதான் அடுத்த கைக்குக் கொடுக்கும். அந்தக் கமிஷன் கடைசியில் தெரு கூட்டுபவரின் கூலியில்தான் குறையும். முடிந்தால் எல்லோரையும் நேரடியாக நிறுவனத்தின் பெயரிலேயே நியமித்துவிடுங்கள். மீதிப் படிகளில் பாதி தானாகவே எளிதாகிவிடும்.

படி 2: முன்பணம்

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. பிடித்தம் போகக் கையில் 13,000 ரூபாய் வாங்கும் ஒருவர், மருத்துவச் செலவுக்காக ஏப்ரலில் மேஸ்திரியிடம் 40,000 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ரூபாய் வட்டி. மாதம் 2,000 பிடிப்பதாகப் பேச்சு. முதல் மாத வட்டியே 1,200. அசலில் கழிவது 800 மட்டும். மீதி 11,000த்தில் வாடகை, அரிசி, பஸ் எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் இன்னொரு 10,000, தீபாவளிக்கு 5,000. அடுத்த ஏப்ரலில் நோட்டைத் திறந்து பார்த்தால், மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் கடன் 40,000ஐத் தாண்டி நிற்கும். இதற்கு நடுவில் லீவு போட்டால் அபராதம் என்று வேறு எழுதியிருப்பார்கள். இவர் பக்கத்து ஊரில் கூடுதல் கூலி கிடைக்கிறதே என்று கிளம்ப முடியுமா? "கணக்கை முடிச்சிட்டுப் போ" என்ற ஒரு சொல் போதும், அவரைத் தடுக்க. அடி, உதை, பூட்டு எதுவும் தேவையில்லை.

இதற்கு நிறுவனம் செய்ய வேண்டியவை:

மேஸ்திரி, சூப்பர்வைசர், துணை ஒப்பந்ததாரர், இவர்களின் குடும்பத்தார் யாரும் பணியாளருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மீறினால் ஒப்பந்தம் ரத்து. ஆனால் இதோடு நிறுத்தினால் கடன் கொடுப்பது நிற்காது, கண்ணுக்கு மறைவாகப் போகும். பணம் தேவைப்படுகிறவருக்குப் பணம் தேவைதானே? அதனால் நிறுவனமே வட்டியில்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளம் வரை, மாதப் பிடித்தம் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைக்கலாம் என்பது என் கருத்து. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. அது மேல் வரம்பு. அதுவரை பிடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு விதியும் எழுத்தில் இருக்க வேண்டும்: முன்பணம் பாக்கி இருந்தாலும் பணியாளர் எந்த நாளும் வேலையை விட்டுப் போகலாம். கடைசிச் சம்பளத்திலும் வழக்கமான மாதத் தவணையை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் நஷ்டம் வரலாம். வரட்டும். கடன் பாக்கிக்காக ஒருவரைப் பிடித்து வைக்கவில்லை என்பதற்கு இதைவிட உறுதியான அத்தாட்சி கிடையாது.

ஏற்கெனவே கந்துவட்டியில் சிக்கியிருப்பவர்களையும் விட்டுவிட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. கூட்டுறவு வங்கி, மகளிர் சுய உதவிக் குழு வழியாகக் கடன் வாங்கித் தர நிறுவனத்தின் ஒரு சம்பளச் சான்றிதழ் பெரிய உதவி. அதைக் கேட்டவுடன் கொடுங்கள்.

படி 3: சம்பளம் யார் கையில் போய்ச் சேர்கிறது?

வங்கியில் போட்டுவிட்டோம், ஆகவே எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2019இல் எட்டுப் பேர் கொண்ட ஒரு கும்பலுக்குத் தண்டனை கிடைத்தது. போலந்திலிருந்து வீடற்றவர்களையும் ஏழைகளையும் நல்ல வேலை என்று ஆசை காட்டி அழைத்து வந்து, குப்பை மறுசுழற்சி மையங்களிலும் பண்ணைகளிலும் வேலைக்கு விட்டிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 400 பேருக்கு மேல் இருக்கலாம் என்று போலீஸ் கணித்தது. சம்பளம் அங்கேயும் வங்கிக்குத்தான் போனது. கணக்கு தொழிலாளியின் பெயரில், கட்டுப்பாடு கும்பலின் கையில்.

அதனால் உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்து மூன்று விஷயம் தேடுங்கள். இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ ஒரே வங்கிக் கணக்கு இருக்கிறதா? பலருக்கு ஒரே செல்போன் எண் பதிவாகியிருக்கிறதா? ஒரே வீட்டு முகவரியில் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்களா? கணினியில் பத்து நிமிட வேலை. செல்போன் எண்ணை அலட்சியமாக விடாதீர்கள். வங்கிக் குறுஞ்செய்தியும் பிஎஃப் கணக்கின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். அது சூப்பர்வைசரின் எண்ணாக இருந்தால், பணியாளருக்குத் தன் பணம் எவ்வளவு என்று தெரியவே தெரியாது.

அடுத்தது ஏடிஎம் கார்டு. கார்டையும் ரகசிய எண்ணையும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, சம்பள நாளில் அவர் எடுத்துக் கொடுக்கும் மீதியை வாங்கிக்கொள்வது நம் ஊர்களில் நடப்பதுதான். "கார்டு இருக்கா?" என்று கேட்டால் இருக்கு என்றுதான் சொல்வார்கள். "போன மாசம் எந்த ஏடிஎம்ல எடுத்தீங்கம்மா, எவ்வளவு எடுத்தீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். தானே எடுத்தவர் உடனே சொல்லிவிடுவார்.

சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். "மாநகராட்சி பில் இன்னும் பாஸ் ஆகல" என்பது காரணம் ஆகாது. ஒரு மாதம் தள்ளிப்போன சம்பளம்தான் அடுத்த மாதக் கந்துவட்டி. இரண்டு மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் கையிருப்பாக வைத்துக்கொண்டு தொழிலில் இறங்குங்கள். பிஎஃப் 12 சதவீதமும் இஎஸ்ஐ 0.75 சதவீதமும் பணியாளரிடம் பிடித்தீர்கள் என்றால், அது கட்டப்பட்டதா என்று ஒப்பந்ததாரரின் சலான் நகலைப் பார்த்து நம்பாமல், பத்துப் பணியாளர்களின் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கிப் பாஸ்புக் எதன் அசலும் அலுவலகத்தில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. நகல் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வேலைக்குச் சேரப் பணம் வாங்குவது, சீருடைக்கு டெபாசிட் பிடிப்பது இரண்டும் அறவே கூடாது. நியமனக் கடிதம் தமிழில் இருக்கட்டும், அல்லது அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

படி 4: காலை ஆறு மணிக்கு நேரில் போங்கள்

ஆபீஸ் நேரத்தில் செய்யும் ஆய்வு இந்தத் தொழிலுக்கு உதவாது. வார்டு அலுவலகத்தில் வருகை எடுக்கும் நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போய் நில்லுங்கள். பட்டியலில் உள்ள பெயர், அடையாள அட்டையில் உள்ள முகம், எதிரே நிற்கும் ஆள் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள்.

பட்டியலில் இல்லாத ஒரு பெண் துடைப்பத்தோடு நிற்பார். "அக்காவுக்கு உடம்பு சரியில்ல, அவங்களுக்குப் பதிலா வந்தேன்" என்பார். ஒரு நாள் என்றால் சரி. மாதக்கணக்கில் அதே ஆள் என்றால், பெயர் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. பதிலி ஆளுக்குக் கூலி குறைவு, இஎஸ்ஐ கிடையாது, விபத்து நடந்தால் அவர் அங்கே வேலை செய்ததற்கே அத்தாட்சி கிடையாது. சில நேரம் கணவர் வாங்கிய கடனுக்கு மனைவியும், அம்மா வாங்கிய கடனுக்கு மகனும் வந்து நிற்கிறார்கள். அதுதான் கொத்தடிமை முறையின் நேரடி வடிவம். பதிலியாக நிற்பவரை விரட்டுவது தீர்வு அல்ல. அவருக்கு அன்றே நியமனக் கடிதம் கொடுத்துப் பட்டியலில் சேர்ப்பதுதான் தீர்வு. 18 வயதுக்குக் கீழ் இருந்தால் மட்டும் வேலையிலிருந்து எடுத்து 1098க்குத் தகவல் சொல்லுங்கள். கூடவே அந்தக் குடும்பத்தில் வேலை தேடும் பெரியவர் ஒருவர் இருந்தால் அவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.

தனியாகப் பேசும்போது சூப்பர்வைசர் பத்தடி தூரத்தில் நிற்கக் கூடாது. டீக்கடையிலோ வீட்டிலோ பேசுங்கள். பெண்களிடம் பெண் ஊழியர் பேசட்டும். "கொடுமைப்படுத்துறாங்களா?" என்று ஆரம்பித்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஊர்த் திருவிழாவுக்கு லீவு கிடைத்ததா, அதற்கு என்ன பிடித்தார்கள், வேலையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனால் விஷயம் தானாக வெளியே வரும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அறிகுறிகளைச் சொல்கிறது: ஏமாற்று, மிரட்டல், நடமாட்டத் தடை, தனிமைப்படுத்தல், கூலி நிறுத்தம், ஆவணப் பறிப்பு, கடன், மிதமிஞ்சிய வேலை நேரம் என்று அது போகும். அந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கையில் வைத்து டிக் அடிக்காதீர்கள்.

குப்பை அள்ள வந்தவரைச் சாக்கடை அடைப்பெடுக்க இறக்குவதும் இங்கேதான் தெரியவரும். "இறங்கலேன்னா நாளைக்கு வேலை இல்ல" என்பது கட்டாய உழைப்பு மட்டும் அல்ல, 2013ஆம் ஆண்டின் மனிதக் கழிவகற்றும் தொழில் தடைச் சட்டப்படி தனிக் குற்றம். மரணம் நேர்ந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. மறுக்கும் உரிமை உண்டு என்பதை ஒவ்வொரு பணியாளருக்கும் வாய்மொழியாகச் சொல்லுங்கள்.

படி 5: ஷெட்டிலேயே தங்கியிருப்பவர்கள்

பிரிப்பு ஷெட்டுகளிலும் பிளாஸ்டிக் கழுவி அரைக்கும் பட்டறைகளிலும் பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களைப் பார்க்கலாம். வேலை செய்யும் இடமே வீடு. ஊரிலிருந்து கூட்டிவந்த ஏஜெண்டுதான் மொழிபெயர்ப்பாளர், மளிகைக் கடைக்காரர், வங்கி எல்லாம்.

அங்கே போனால் கேட்டில் பூட்டு எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். ரயில் டிக்கெட் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது, மளிகை நோட்டில் அரிசி என்ன விலை என்று பாருங்கள். பேசுவதற்கு ஏஜெண்டின் ஆளை நம்பாமல், இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து அழைத்துப் போங்கள். பயணச் செலவை நிறுவனமே ஏற்று, அது கடன் அல்ல என்று எழுதிக் கொடுப்பது முதல் வேலை.

படி 6: சப்ளையர்கள்

எல்லோரையும் ஒரே மாதிரி விசாரிக்க நேரம் இருக்காது. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே போங்கள். ஆள் சப்ளை செய்பவர்களும் வண்டி வாடகைக்காரர்களும் முதலில். அடுத்து, நீங்கள் பிரித்த பிளாஸ்டிக்கையும் இரும்பையும் வாங்கும் காயலான் கடைகள், மறுசுழற்சிப் பட்டறைகள். பொருள் கைமாறியதோடு பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்கள் அதிகம். உங்கள் குப்பை எந்தக் கூடாரத்தில், யார் கையால் பிரிக்கப்படுகிறது என்று ஒரு லாரியின் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.

சீருடையையும் கையுறையையும் மறக்க வேண்டாம். மூன்று ஆண்டு வேலை பார், முடிவில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் வைத்திருந்த சுமங்கலித் திட்டம் நம் கொங்கு மண்டலத்தில் நடந்ததுதான். உங்கள் சீருடைத் துணி அந்தப் பகுதியிலிருந்து வருவதானால், நூல் எந்த ஆலையுடையது என்று கேளுங்கள். மருத்துவக் கழிவு அள்ளுபவர் அணியும் ரப்பர் கையுறையிலும் இதே கதை உண்டு. மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளை 2020இல் அமெரிக்கா எல்லையில் நிறுத்தியது. புலம்பெயர் தொழிலாளர்கள் வேலைக்காக ஏஜெண்டுகளுக்குக் கட்டணம் கட்டிக் கடனில் சிக்கியது அங்கே முக்கியக் குற்றச்சாட்டு. நிறுவனம் அந்தக் கட்டணங்களைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பிறகு, 2021இல் தடை நீங்கியது.

சப்ளையரிடம் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைப்பதால் எந்தத் தொழிலாளியும் விடுதலையாவதில்லை. முன்னறிவிப்பின்றி உள்ளே வந்து பார்க்கும் உரிமை, சம்பளப் பதிவேட்டைக் கேட்கும் உரிமை, ஒப்பந்ததாரர் சம்பளம் போடாவிட்டால் நீங்கள் நேரடியாகப் போட்டுவிட்டு அவர் பில்லில் கழிக்கும் உரிமை மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

படி 7: டெண்டர் விலை

ஒரு பணியாளருக்கான குறைந்தபட்சக் கூலி, நிறுவனத்தின் பிஎஃப், இஎஸ்ஐ பங்கு, வார விடுமுறைக்கு மாற்று ஆள், போனஸ், கையுறை, பூட்ஸ், மழைக்கோட்டு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகைக்குக் கீழே யாராவது விலை குறிப்பிட்டால், வித்தியாசம் யார் வயிற்றிலிருந்து வரப்போகிறது? ஆள் சப்ளைக்கு ஒப்பந்ததாரர் குறைத்துக் கேட்கும்போது மகிழாமல், கணக்கைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளாட்சி அலுவலர்களுக்கும் இதையே சொல்கிறேன். மிகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு, சுரண்டல் கூடாது என்று நிபந்தனை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

படி 8: புகார் சொல்ல வழி

சூப்பர்வைசர் வழியாகப் போகும் புகார்ப் பெட்டி வேண்டாம். தலைமை அலுவலகத்தில் ஒரே ஒரு பெண் அதிகாரியின் எண்ணை அடையாள அட்டையின் பின்புறம் அச்சிடுங்கள். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைக்க வேண்டும். கூடவே இலவசச் சட்ட உதவிக்கான 15100 எண்ணையும் போடுங்கள். சங்கம் இருக்கும் இடத்தில் சங்கப் பிரதிநிதியோடு மாதம் ஒருமுறை உட்காருங்கள். முன்பணம், பிடித்தம் பற்றி மேலாளரைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும்.

படி 9: கண்டுபிடித்துவிட்டால்

முதல் எண்ணம் அந்த ஒப்பந்ததாரரை உடனே நீக்குவதாக இருக்கும். அவசரப்படாதீர்கள். அன்றிரவே அவர் ஆட்களை லாரியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார். முதலில் தொழிலாளர்களின் பாதுகாப்பு. மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகாரம் அவர்களிடம்தான். மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழுக்கள் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

விசாரணை நடக்கும்போது அவர்களுக்குச் சம்பளம் நிற்கக் கூடாது. கொத்தடிமைக் கடன் சட்டப்படி அப்போதே ஒழிந்துவிடுகிறது. அதற்காக ஒரு ரூபாய் வாங்கினாலும் வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை. இதைத் தொழிலாளர்களின் எதிரிலேயே ஒப்பந்ததாரரிடம் சொல்லுங்கள். குறைவாகக் கொடுத்த கூலியைக் கணக்கிட்டு நிறுவனமே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலிக்கலாம். கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும்வரை கூடவே ஒருவர் அலுவலகத்துக்குப் போய்வர வேண்டும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் 30,000 ரூபாய் வரை உடனடி உதவியும், பிறகு ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடூரமான சுரண்டலில் 3 லட்சம் ரூபாயும் உண்டு.

அதே வேலையில் தொடர விரும்புகிறவரை நிறுவனத்தின் நேரடிப் பணியாளராகச் சேருங்கள். ஊருக்குப் போக விரும்புகிறவருக்குப் பாக்கிச் சம்பளமும் டிக்கெட்டும் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து இரு தரப்பையும் ஒருமுறை தேடிப் போய்ப் பாருங்கள். கையில் பணம் தீர்ந்து, அதே மேஸ்திரி மறுபடியும் வீட்டு வாசலுக்கு வருவது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான்.